பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் அவற்றின் உண்மை மதிப்பும்

பழம்பொருளைப் போற்றுவோரில் இருவகையினர் உளர். பழமை என்னும் காரணம் ஒன்று பற்றியே அதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் கண்டு மகிழ்வார் ஒரு சாரார். அதனால் பின்னாளில் வரக்கூடிய ஊதியத்தைக் கணக்கிட்டு இரும்புக் கதவுக்குள் வைத்துப் பூட்டுவார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் அடியோடு மாறுபட்டவர்போலத் தோன்றினும் ஒரு செயலில் ஒன்றுபடுகின்றனர். இருவரும் அப்பொருளை அதன் தொழிலினின்றும் விலக்கிவிடுகின்றனர். நாணயத்திற்கும் சிலைக்கும் ஏட்டுச்சுவடிக்கும் இதனாற் பெருங்கேடு நேராது. ஆயின், ஓடுவதற்கென்றே பிறந்த மோட்டார் வண்டிக்கு இவ்வொழுக்கம் பொருந்துமோ? சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்நாளில் ஏலங்களிற் பெறும் விலையைக் கேட்போர்க்கு இவ்வினா எழாமற்போகாது. தாழ்ந்தும் இலேசாயும், பெரும்பாலும் இருவர்க்கே இடமுடையதாயும், செலுத்துவோன் அடையும் களிப்பையே முதன்மையாகக் கருதியும் அமைக்கப்பட்ட வண்டியையே ஸ்போர்ட்ஸ் கார் என்பர். அத்தகைய பழைய வண்டியொன்றின் மதிப்பு எதில் அடங்கியுள்ளது என்பதைக் குறித்து எமது கருத்தைக் கூறுவதே ஈண்டு எம் நோக்கம்.

1990-ஆம் ஆண்டில் இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு விநோத வழக்கு வந்தது. வழக்கிற்குரிய பொருள் 'ஓல்டு நம்பர் ஒன்' என வழங்கும் பென்ட்லி வண்டி. பிரான்ஸ் தேசத்தில் லெ மான்ஸ் என்னுமிடத்தில் இருபத்துநான்கு மணிநேரம் ஓய்வின்றி நடைபெறும் பந்தயத்தில் 1929-லும் மறுபடி 1930-லும் முதலிடம் பெற்ற வண்டி அது. பந்தய வண்டிகளின் இயல்புப்படி அதன் உறுப்புகள் அடிக்கடி மாற்றப்பெற்றன. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயச்சாலையில் அது விபத்திற்குள்ளாகிச் சிதைந்தது. செலுத்திவந்த கிளைவ் டன்ஃபீ உயிர் துறந்தார். முன்னைய இரு வெற்றிகளிலும் அதனைச் செலுத்தியவருள் ஒருவராகிய உல்ஃப் பர்னாட்டோ பின்னர் அதனை மூடிய வண்டியாக மீண்டும் கட்டுவித்தார். இங்ஙனம் உருமாறி உருமாறி வந்த அவ்வண்டியை, 1990-இல் ஜப்பானியருக்குச் சொந்தமான ஒரு கம்பெனி ஒரு கோடிப் பவுனுக்கு வாங்க உடன்பட்டது. பின்பு, இது லெ மான்ஸில் ஓடிய வண்டியன்று, அதன் பெயரைத் தாங்கிய வேறு வண்டி என்று கூறி வாங்க மறுத்தது.

நீதிபதி ஆட்டன் அளித்த தீர்ப்பு, தர்க்க சாஸ்திரம் பயிலும் மாணவரும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1929-இல் இருந்த உறுப்புகளில் ஏறக்குறைய ஒன்றும் அவ்வண்டியில் எஞ்சவில்லை என்பதை அவர் மறுத்திலர். ஆகவே அதனை ஆதியில் இருந்தவாறே இருக்கும் வண்டி என்றல் தகாது என்றார். ஆயினும் ஒருநாள் ஒரு வண்டி மறைந்து, மறுநாள் வேறொன்று அதன் இடத்தில் வந்து நிற்கவில்லை. மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தனவேயன்றி அதன் வாழ்வு இடையில் அறுபடவில்லை. ஆதலின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பெயர்க்கு உரியது அதுவே என்றும், வாங்க உடன்பட்டோர் தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டவரே என்றும் முடிவு கூறினார். சக்கரம் மாறி, அச்சு மாறி, மரச்சட்டங்களும் தலைமுறைதோறும் மாறிய பின்னும் ஊரார் 'எங்கள் பாட்டனார் இழுத்த தேர்' என்று கூறுவதில் பொய் யாதுமில்லையன்றோ? அந்நியாயமே இது.

இங்கிலாந்தின் வண்டிப்பதிவு அலுவலகமோ இச்சிக்கலை வேறு வழியில் அவிழ்க்க முயன்றது. பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதைத் தீர்மானிக்க அவ்வலுவலகம் பல்லாண்டு ஒரு மதிப்பெண் முறையைக் கையாண்டுவந்தது. மாற்றப்படாத அடிச்சட்டத்திற்கோ, அடிச்சட்டமும் உடலும் ஒன்றாய் அமைந்த கூட்டிற்கோ 5, சக்கரங்களைத் தாங்கும் வில்லமைப்பிற்கு 2, அச்சுகளுக்கு 2, கியர்ப்பெட்டிக்கு 2, திருப்பும் அமைப்பிற்கு 2, எஞ்சினுக்கு 1. எட்டு மதிப்பெண்ணேனும் பெறாத வண்டி தன் பெயரை இழக்கும். இதில் நகைப்பிற்கிடமான ஒன்றைக் கவனிக்க: சந்தையில், எஞ்சினிற் பொறித்த எண்ணும் தொழிற்சாலைக் குறிப்பேட்டில் உள்ள எண்ணும் ஒத்திருந்தால் விலையைப் பல மடங்கு உயர்த்திக் கேட்பர், அரசாங்கத்தாரோ அதே எஞ்சினுக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் ஈந்தனர். வண்டியின் உயிர் எங்கே உறைகிறது என்பதில் வணிகரும் அதிகாரிகளும் ஒத்த கருத்தினரல்லர்.

இது நிற்க. விலையுயர்ந்த பென்ட்லியை விடுத்து, எளியோரும் வாங்கத்தக்க வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் நகரிற் செய்யப்பட்ட எம். ஜி. பி. என்னும் வண்டி ஐந்து இலக்கத்திற்கு மேற்பட்ட தொகையில் வெளிவந்தது. இதற்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகடுகளை மடித்துப் பற்றவைத்துச் செய்த கூடே அடிச்சட்டமுமாகும். மேற்கூரையில்லாத வண்டியாதலின், கதவுகளின் கீழே இருபுறமும் ஓடும் பெட்டிபோன்ற விளிம்புகளே அதனை நடுவில் வளையாமல் தாங்குகின்றன. குளிர்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் தூவும் உப்பும் சேறும் அவ்விளிம்புகளினுள்ளே தங்கி, வெளியே வர்ணம் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடும். வஞ்சகக் கம்மியர் செய்வது யாதெனில், அரித்த விளிம்பின்மேல் புதிய தகடொன்றைப் போர்த்துப் பற்றவைத்து, வர்ணம் பூசி, 'முற்றும் புதுப்பிக்கப்பட்டது' என்று விற்றுவிடுவதே. உள்ளே துரு தன் வேலையை விடாது செய்துகொண்டிருக்கும். நேர்மையான கம்மியரோ அவ்விளிம்பை அடியோடு வெட்டி எடுப்பார். அதற்கு முன், வெட்டியவுடன் கூடு தொய்ந்துவிடாதபடி கதவு வாயின் குறுக்கே இரும்புச் சட்டமிட்டுக் கட்டுவார். கதவைத் திரும்பத் திரும்ப மூடிப் பார்த்து, அதன் சுற்றிடைவெளி மாறவில்லையென உறுதிசெய்த பின்னரே பற்றவைப்பார். முடிந்த பின்னர் இரண்டு வேலைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேற்றுமை அறிய வேண்டுவோன் கீழே படுத்துத்தான் பார்க்கவேண்டும்!

கூடு முழுவதுமே அரித்துவிட்டால் என் செய்வது? 1975-இல் தோன்றிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனம், ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னர், பழைய தகடழுத்தும் அச்சுகளைத் தேடித் திரட்டி, 1988 முதல் எம். ஜி. பி.-யின் கூட்டை முழுமையாகவே மீண்டும் செய்து விற்றது. பழைய வண்டியின் எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சு, இருக்கை, கடிகாரங்கள் யாவற்றையும் கழற்றிப் புதிய கூட்டில் மாட்டிக்கொள்ளலாம். அங்ஙனம் மாட்டிய வண்டி பழையதா, புதியதா? ஆட்டன் துரையவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி, பழையதே என்போம்; ஆனால் ஒரு நிபந்தனையுடன். கூடு மாறியதை உரிமையாளன் மறையாது உரைத்தல் வேண்டும். மறைத்தவிடத்து, ஒவ்வோர் ஆணியும் ஆதியிலிருந்ததேயாயினும் அவ்வண்டி பொய்யாகும். பெரும்பாலும் இவ்வேலைக்கு ஆகும் செலவு, முடிந்த வண்டி சந்தையிற் பெறும் விலையை மிஞ்சிவிடும் என்பதை அறிந்தே மக்கள் இதிற் புகுகின்றனர். இலாபமன்று அவர்களை இழுப்பது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கூறுவேம். 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் உலகோர் வியக்க வெளிவந்த ஜாகுவார் இ டைப் வண்டியைப் பலரும் அறிவர். அதன் வடிவை வகுத்த மால்கம் சேயர் விமானத் தொழிலிற் பயின்றவர். 1963-இல் பந்தயத்திற்கென்று அலுமினியக் கூட்டுடன் பதினெட்டு வண்டிகள் செய்யக் கருதி எண்களும் ஒதுக்கினர். ஆனால் பன்னிரண்டே செய்யப்பட்டன. 2014-இல் ஜாகுவார் கம்பெனியார் எஞ்சிய ஆறு எண்களையும் எடுத்து, பழைய முறைப்படியே ஆறு வண்டிகளைச் செய்து, செல்வர்க்கு விற்றனர். வேலைத்திறம் போற்றத்தக்கதே, அதிற் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவை பழைய வண்டிகளோ? பென்ட்லியில் ஆதி உறுப்பு ஏறக்குறைய யாதுமில்லை, வாழ்ந்த வாழ்வு உண்டு. இவ்வாறிலும் உறுப்பெல்லாம் முறைப்படி அமைந்துள, வாழ்ந்த வாழ்வோ இல்லை. இரண்டனுள் பென்ட்லியையே நாம் பழைய வண்டி என்போம்.

இனி ஜப்பானுக்கு வருவோம். ஜப்பானியர் ஆங்கிலேயரைப் பார்த்து எழுதியவர் என்று முன்னாளில் இகழ்ந்து பேசுவாருண்டு. அவ்விகழ்ச்சியில் ஓரளவு உண்மையும், பேரளவு அறியாமையும் உண்டு. 1952-இல் நிஸான் கம்பெனியார் இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆஸ்டின் வண்டிகளைத் தம் நாட்டில் பூட்டி விற்றும், பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் தாமே செய்தும் தொழில் பயின்றனர். 1969-இல் அவர்கள் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார் அமெரிக்காவில் டாட்ஸன் 240 இஸட் என்னும் பெயரால் 3,526 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினின் பக்கத்தில் இரண்டு ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள் உள்ளன. ஆங்கிலேயரின் எஸ். யு. கார்புரேட்டரை உரிமம் பெற்றுச் செய்தவை அவை: எஞ்சின் இழுக்கும் காற்றின் வலிவுக்கேற்ப ஒரு தண்டு எண்ணெயில் மிதந்து மேலும் கீழும் அசைந்து, பெட்ரோல் செல்லும் துளையைத் தானே சுருக்கியும் விரித்தும் கொடுக்கும் எளிய சூழ்ச்சி. எம். ஜி. பி.-யின் இரட்டைக் கார்புரேட்டரைச் செப்பஞ்செய்யக் கற்றவன் டாட்ஸனின் முன்னே சென்று நின்றாலும் திகைக்கமாட்டான். ரப்பர்க் குழலின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் மூச்சொலியும் ஒத்திருக்கும்வரை திருகைத் திருப்புதலே இரண்டிற்கும் பொதுவான வித்தை.

மாணாக்கர் ஆசிரியரை எங்கே மிஞ்சினர் எனின், நம்பகத்தில். ஆங்கில வண்டிகளின் லூகாஸ் விளக்குகளும் மின்கம்பிகளும் நள்ளிரவில் கைவிடும் என்பது அந்நாட்டாரே சொல்லிச் சிரிக்கும் கதை. 240 இஸட்டோ ஒவ்வொரு காலையும் முதல் திருப்பிலேயே உயிர்பெற்றது. அமெரிக்காவில் அதனைப் பரப்பிய யுடாகா கடாயாமா என்பவரை அந்நாட்டு அன்பர்கள் இன்றும் நன்றியுடன் நினைக்கின்றனர். ஆனால் துருப்பிடித்தலில் ஆசிரியரும் மாணாக்கரும் சமமே. அக்கால ஜப்பானியத் தகடும் மெல்லியது, அடிப்பூச்சும் போதாதது. ஐந்து இலக்கத்திற்கு மேற்பட்ட இஸட் வண்டிகள், பின்வந்த 260, 280 வகைகளும் உட்பட, அம்முதல் தலைமுறையில் வெளிவந்தும் இன்று நல்ல நிலையில் உள்ளவை அரியனவாயினமைக்குக் காரணம் இதுவே.

மாஸ்டா கம்பெனியார் 1989-இல் சிக்காகோ நகரிற் காட்டிய எம். எக்ஸ். 5 வண்டியும் அவ்வாறே. 1962-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் கம்பெனி செய்த எலான் என்னும் சிறு வண்டியின் கருத்தே அதற்கு வித்து. எலானுக்குக் கண்ணாடி நாரிழையாலான உடலும், நடுவே முதுகெலும்பு போன்ற ஓர் எஃகுச் சட்டமும் உண்டு. உடல் துருப்பிடிக்காது, உள்ளிருக்கும் சட்டம் துருப்பிடிக்கும்! துத்தநாகம் பூசிய புதிய சட்டத்தை லோட்டஸ் கம்பெனியாரே பின்னாளில் விற்க நேர்ந்தது. மாஸ்டாவார் அவ்வண்டியின் இலேசையும் விளையாட்டையும் எடுத்துக்கொண்டு, நீர் ஒழுகும் மேல்துணியையும் ஓயாத பழுதையும் விட்டுவிட்டனர். 2016-இல் எம். எக்ஸ். 5 பத்து இலக்கத்தை எட்டிற்று.

ஜப்பானிய வண்டிகளைச் சந்தை நெடுநாள் மதிக்கவில்லை. 1990-களின் இறுதியில் நிஸான் கம்பெனியாரே அமெரிக்காவில் பழைய 240 இஸட் வண்டிகளை வாங்கிப் புதுப்பித்துச் சுமார் 25,000 டாலருக்கு விற்கத் தொடங்கினர்; அம்முயற்சி ஏறக்குறைய நாற்பது வண்டிகளோடு நின்றுவிட்டது. பின்னர்க் காற்று திசைமாறிற்று. 1967 முதல் 1970 வரை யமஹாவாரின் துணையுடன் டொயோட்டாவார் ஏறக்குறைய 350 மட்டுமே செய்த 2000 ஜி. டி. வண்டியொன்று 2013-இல் அமெரிக்க ஏலத்தில் பத்து இலக்கம் டாலரைக் கடந்தது. கரோல் ஷெல்பியின் பந்தயப் பட்டறையில் இருந்த மற்றொன்று 2022-இல் 25 இலக்கத்தைத் தாண்டிற்று. 2020-இல் 1971-ஆம் ஆண்டின் 240 இஸட் ஒன்று 3,10,000 டாலர் பெற்றது. ஒருகாலத்தில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு விற்ற வண்டி!

இவ்விலைகளைக் கண்டு மகிழ்தற்கு எமக்கு மனம் வரவில்லை. என்னை? விலை ஏறிய அன்றே வண்டியின் சிறைவாசம் தொடங்குகிறது. ஓட்டினால் மைல்கணக்கு ஏறும். மைல்கணக்கு ஏறினால் விலை இறங்கும் என்று அஞ்சி அதனைக் கொட்டகையிற் பூட்டுகின்றனர். அங்ஙனம் பூட்டியதால் அது கெடாமல் இருக்கிறதோ எனின், அதுவுமில்லை. பிரேக்கில் ஊற்றிய திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிலிண்டரைத் துருவேற்றும். தொட்டியில் நின்ற பெட்ரோல் பிசின்போலாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். கிளச்சுத் தட்டு தன் இணையோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் காணாத ரப்பர் வளையங்கள் சுருங்கிப் பிளக்கும். நின்ற இடத்திலேயே நின்ற டயர் தட்டையாகும். 2021 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் சாதாரணப் பெட்ரோலிற் பத்துப் பங்குவரை எத்தனால் கலக்கப்படுதலின், பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அதுவும் பகையாயிற்று. வாரம் ஒருமுறை இருபது மைல் ஓடும் வண்டி, பத்தாண்டு பூட்டிக்கிடந்த வண்டியைவிட உடல்நலம் மிக்கதாயிருப்பதைப் பட்டறைக்காரர் எவரும் கூறுவர்.

பணத்தைக் கருதுவோர்க்கும் இதில் உறுதியான நிலமில்லை. 1980-களின் இறுதியில் இ டைப் முதலிய வண்டிகளின் விலை வெறிகொண்டாற்போல ஏறிற்று. மேற்கூறிய பென்ட்லி பேரமும் அவ்வெறியின் உச்சத்தில் நிகழ்ந்ததே. அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் விலை சரிந்தது. ஓட்டுவதற்கென்று வாங்கியவன் அப்பொழுதும் ஓட்டிக்கொண்டிருந்தான். விற்பதற்கென்று வாங்கியவனோ கடன்காரருக்கு விடையிறுத்துக்கொண்டிருந்தான்.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழும். எல்லாரும் ஓட்டியும் மாற்றியும் வந்தால், தொழிற்சாலை எவ்வாறு தைத்தது, எவ்வாறு பூசியது என்பதை அறியச் சான்று எங்கே கிடைக்கும் என்பர். இது தள்ளத்தக்கதன்று. கைபடாத சில வண்டிகள் பொருட்காட்சிச்சாலைகளில் இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் கேடன் என்னும் சிற்றூரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் வண்டிகளையும் தொழிற்சாலைக் குறிப்பேடுகளையும் காத்து, கேட்போர்க்கு அவ்வவ் வண்டியின் பிறப்புச் சான்றும் வழங்குகிறது. அது நற்பணி. ஆனால் சான்றுக்குச் சில போதும். எல்லாவற்றையும் சான்றாக்குதல் வேண்டா.

அன்றியும், புதுப்பித்தல் என்னும் பெயரால் நிகழும் ஒரு கேட்டையும் சொல்லாது விடுதல் இயலாது. அழகுப் போட்டிகளிற் பரிசு வேண்டுவோர் தொழிற்சாலை ஒருநாளும் அறியாத மினுமினுப்பைப் பழைய வண்டியின்மேல் ஏற்றுகின்றனர். ஆபிங்டனிற் கதவின் இடைவெளி ஒருபுறம் அகன்றும் ஒருபுறம் குறுகியும் இருந்தது. இன்று கத்தியால் அளந்தாற்போல நேராக்குகின்றனர். முதல் உரிமையாளனின் கைபட்டுத் தேய்ந்த திருப்புச் சக்கரத்தையும், வெடித்த தோலிருக்கையையும் எறிந்துவிட்டுப் புதியன இடுகின்றனர். ஐம்பதாண்டு வாழ்வின் தழும்புகள் ஒரே வாரத்தில் மறைகின்றன. பழைய வாகனங்களுக்கான அகில உலகச் சங்கமாகிய ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், செய்யும் மாற்றம் குறைவாயும், செய்ததைக் குறித்துவைத்ததாயும், இயன்றவரை மீண்டும் பழையபடி ஆக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்று விதிப்பது இதனாலேயே. அச்சாசனம் வண்டிகள் சாலையில் ஓடுவதையும் ஆதரிக்கிறது என்பதைப் பூட்டிவைப்போர் நினைவிற் கொள்வாராக.

ஆயின் ஆதியில் இருந்ததே எஞ்ஞான்றும் சிறந்தது என்று சாதிப்பாரோடும் எமக்கு உடன்பாடில்லை. 1973-ஆம் ஆண்டின் 240 இஸட்டில், புகைச் சட்டத்தை முன்னிட்டு வைத்த தட்டைத்தலைக் கார்புரேட்டர்கள் வெப்பத்திற் பெட்ரோலைக் கொதிக்கவைத்து வண்டியை இடைவழியில் நிறுத்தின. அந்நாளைய உரிமையாளர் பலரும் அவற்றைக் கழற்றி முந்திய உருண்டைத்தலை வகையை மாட்டினர். அம்மாற்றமும் இன்று அவ்வண்டியின் வரலாறே. 1945 முதல் 1949 வரை செய்த எம். ஜி. டி. சி. வண்டியிலோ ஒரு வேடிக்கை உண்டு: எஞ்சினின் மரைப்புரிகள் மெட்ரிக் அளவு, அவற்றின் தலைகளோ ஆங்கிலேயரின் விட்வர்த் ஸ்பானருக்குப் பொருந்துவன. இஃதறியாது கடைவீதியிற் கிடைத்த போல்ட்டைத் திருகியவர் எத்தனை எஞ்சின்களின் புரியை அழித்தனரோ! இத்தகைய சிறு செய்திகள் நூல்களினும் கைப்பழக்கத்திலேயே மிகுதியும் வாழ்கின்றன. வண்டி பூட்டிக்கிடந்தால் இவ்வறிவும் பூட்டிக்கிடக்கும். கம்மியன் மறைந்தவுடன் அதுவும் மறையும்.

இவ்விரு நாடுகளின் அரசாங்கங்களும் பழைய வண்டியை நடத்தும் விதம் வெவ்வேறு. இங்கிலாந்தில் நாற்பதாண்டு கடந்த வண்டிக்குச் சாலைவரி இல்லை. 2018 முதல், பெரிதும் மாற்றப்படாதவாயின், ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. ஜப்பானிலோ பதின்மூன்று ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கு வரி ஏறுகிறது. இரண்டாண்டிற்கொருமுறை கடும் பரிசோதனையும் உண்டு. ஆயினும் ஆங்கிலக் கம்பெனிகள் பல மறைந்தொழிந்தன, பிரிட்டிஷ் லேலண்டு சிதறிற்று, எம். ஜி. ரோவர் 2005-இல் வீழ்ந்தது. ஆதலின் அங்கே பழைய வண்டிகளைக் காத்தவர் சங்கத்தாரும் சிறு பட்டறைக்காரருமே. ஜப்பானிற் செய்தவர்களே உயிரோடிருத்தலின் அவர்களே முன்வந்தனர். ஹோண்டாவார் 1993 முதல் தம் என். எஸ். எக்ஸ். வண்டியைத் திரும்பப் பெற்றுச் செப்பஞ்செய்து கொடுக்கின்றனர். மாஸ்டாவார் முதல் எம். எக்ஸ். 5 வகையைப் புதுப்பிக்கும் திட்டத்தை 2017-இல் அறிவித்து, ஆதியிலிருந்த டயரையும் மரச் சக்கரத்தையும் கூட மறுபடி செய்வித்தனர். டொயோட்டாவார் 2020-இல் 2000 ஜி. டி.-க்கு உறுப்புகள் செய்யத் தொடங்கினர். சட்டம் தண்டித்தும் கம்பெனி காப்பது ஒரு நாடு. சட்டம் காத்தும் கம்பெனி மறைந்தது மற்றொன்று.

நம் பக்கத்தாருக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பங்குண்டு. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்திற் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை முதியோர் மறந்திரார். அதன் மூலமாகிய ஆங்கில டிரையம்ப் ஹெரால்டின் அமைப்பைச் சுருக்கியே 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் தோன்றியது. இரண்டின் உருவையும் வகுத்தவர் இத்தாலியராகிய மிக்கெலொட்டி. அக்குடும்பத்து முன்சக்கர உறுப்புகளே மேற்கூறிய லோட்டஸ் எலானிலும் இடம்பெற்றன. நம்மூர்ப் பட்டறைகளில் ஹெரால்டின் முன்மூடியை முழுதாய்த் தூக்கி வேலை செய்த கம்மியர், தாம் அறியாமலே ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உறவினரைப் பேணிவந்தவராவர்.

வாங்க விரும்பும் இளைஞர்க்குச் சில வார்த்தை. வர்ணத்தைப் பாராதீர்; கதவுவிளிம்பின் அடியையும் தரைத்தகட்டையும் பாட்டரி வைத்த தட்டையும் பார்மின். எஞ்சினைப் புதுக்குதல் எளிது; துருவை வெல்லுதல் அரிது. விலையேறும் என்று பிறர் சொல்லும் வண்டியை விடுத்து, உங்கள் கை பழுதுபார்க்கக்கூடியதும் உறுப்புகள் கிடைக்கக்கூடியதுமான வண்டியைத் தேர்மின், எம். ஜி. பி.-யும் முதல் எம். எக்ஸ். 5-உம் அவ்வகையின. வாங்கிய நாள்முதல் ஒரு கணக்குப் புத்தகம் வைமின். எந்நாளில் எவ்வுறுப்பு மாறியது, ஏன் மாறியது, யார் பற்றவைத்தார் என்பவற்றை அதில் எழுதி, வெட்டுமுன்னும் பற்றவைத்த பின்னும் எடுத்த புகைப்படங்களையும் ஒட்டுமின். கழற்றிய பழைய கார்புரேட்டரையும், தேய்ந்த திருப்புச் சக்கரத்தையும், பயனில்லையென்று எறியாது எண்ணெய்த் துணியிற் சுற்றிப் பெட்டியிலிட்டு, வண்டியை விற்கும்போது அப்புத்தகத்தையும் அப்பெட்டியையும் சேர்த்தே கொடுமின்.